கேஸ்லைட்டிங்: தமிழில் 'மருட்டு' என்று சொல்லலாமா?

கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்தில், களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் க்ரைம் தொடருக்கு மொழி ஒரு தடையே இல்லை. மலையாளத்தில் வந்தாலும் பார்ப்போம், தமிழ் டப்பிங்கில் வந்தாலும் பார்ப்போம், ஆங்கிலத்தில் சப்டைட்டிலோடு வந்தாலும் விடமாட்டோம். அதிலும் உண்மைச் சம்பவக் கதை என்றால் தனி ருசி. காதலன் என்று வந்தவன் யாரென்றே கடைசிவரை தெரியாமல் போன கதை, கட்டியவனை நம்பிக் கெட்ட கதை, கட்டியவளை நம்பிச் செத்த கதை. இவற்றைப் பார்த்துப் பார்த்தே ஒரு சொல் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்துவிட்டது: கேஸ்லைட்டிங், அதாவது ஒருவர் தன் கண்ணையும் ஞாபகத்தையும் தானே நம்பாதபடி செய்துவிடுவது. "சும்மா கேஸ்லைட் பண்ணாத" என்று கல்லூரிப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. நமக்குக் கேஸ் என்றால் ஒன்று சிலிண்டர், இல்லாவிட்டால் கோர்ட்டு வழக்கு. 'கேஸ் லைட்' என்றாலோ கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் தலைக்கு மேலே உஸ்ஸென்று எரிந்த பெட்ரோமாக்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும்.

இந்தச் சொல்லில் வருவது பெட்ரோமாக்ஸ் இல்லை, 19ஆம் நூற்றாண்டு லண்டன் வீடுகளில் எரிந்த விளக்கு. நிலக்கரியிலிருந்து எடுத்த எரிவாயு தெருவடியில் குழாய் வழியாக வந்து, வீட்டுச் சுவரில் இருக்கும் விளக்குகளில் எரியும். அப்படியொரு வீட்டில் நடக்கும் கதையை பாட்ரிக் ஹாமில்டன் 'கேஸ் லைட்' என்ற பெயரில் நாடகமாக எழுதினார். முதலில் மேடையேறியது 1938இல். 1940இல் பிரிட்டனில் படமானது. 1944இல் ஜார்ஜ் க்யூக்கர் ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தார். மனைவியாக நடித்த இங்ரிட் பெர்க்மனுக்கு அந்தப் படம் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வாங்கித் தந்தது.

1944 படத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சொல்லின் பொருள் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு பாடகி தன் வீட்டிலேயே கொல்லப்படுகிறார். கொன்றவன் தேடி வந்த நகைகள் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து அவனே அந்தப் பாடகியின் அக்காள் தங்கை வழிப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, அவளுக்குச் சொந்தமான அதே வீட்டுக்குக் குடிவருகிறான். தினமும் ராத்திரி வேலை இருக்கிறது என்று கிளம்புவான். பக்கத்துக் காலி வீடு வழியாகச் சுற்றிவந்து, தன் வீட்டு மச்சில் பழைய சாமான்களுக்கு நடுவே நகையைத் தேடுவான். கீழே தனியாக இருக்கும் மனைவிக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. அறை விளக்கு தானாக மங்குகிறது. சொன்னால், "அப்படி ஒன்றும் இல்லை, உனக்குத்தான் தோன்றுகிறது" என்கிறான். இதோடு நிற்பதில்லை. அவளுக்குக் கொடுத்த ப்ரோச்சை, அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகையை, அவனே எடுத்துவிட்டுத் தொலைத்துவிட்டாய் என்பான். சுவரிலிருந்த படத்தை அவனே கழற்றி ஒளித்துவிட்டு, எங்கே வைத்தாய், ஞாபகமில்லையா என்று கேட்பான். நாலு பேர் முன்னால் அவள் பையிலிருந்தே தன் கடிகாரத்தை எடுத்துக் காட்டுவான். போகப்போக அவளுக்கே தன் புத்தியின் மேல் நம்பிக்கை விட்டுப்போகிறது.

இணையத்தில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதுகிற பலர் ஒரு இடத்தில் தவறிவிடுகிறார்கள். 'கணவன் வேண்டுமென்றே விளக்கைக் குறைத்துவிட்டு, குறையவில்லை என்று சாதிப்பான்' என்று எழுதுகிறார்கள். படத்தில் அப்படி இல்லை. விளக்கு மங்குவது அவன் திட்டத்திலேயே கிடையாது. மச்சில் அவன் ஒரு விளக்கைப் பற்றவைத்ததும் அதே குழாயில் வாயு அழுத்தம் குறைகிறது, கீழே சுடர் சுருங்குகிறது. கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டுக்குள் பல்பு மங்குமே, அந்த மாதிரி. அப்படியென்றால் விளக்கு அவனுடைய ஆயுதம் இல்லை, அவனை மாட்டிவிடக்கூடிய தடயம். எது அவன் குற்றத்துக்குச் சாட்சியோ, அதையே அவளுடைய பைத்தியத்துக்குச் சாட்சியாகத் திருப்பிவிடுகிறான். கதையின் சாமர்த்தியம் முழுக்க இங்கேதான். கடைசியில் ஒரு துப்பறிவாளர் அந்த அறையில் உட்கார்ந்து, விளக்கு மங்குவதைத் தன் கண்ணால் பார்க்கிறார். அவளுக்கு வைத்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. இன்னொரு மனிதர் "ஆமாம், எனக்கும் தெரிகிறது" என்று சொன்னது போதுமானதாக இருந்தது.

1960களில் இது ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவே புழங்கியது. 1969இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை இந்தப் பெயரை வைத்தே வந்தது. கூட இருப்பவர்களே திட்டம் போட்டு ஒருவரை மனநோயாளி என்று காட்டி மருத்துவமனைக்குத் தள்ளப் பார்த்த சம்பவங்களைப் பற்றியது அது. அப்புறம் உளவியல் புத்தகங்கள், அரசியல் விவாதம், சமூக ஊடகம் என்று பரவி, 2022இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. முந்தைய ஆண்டைவிட 1740 சதவீதம் அதிகமாகத் தேடப்பட்டதாம்.

இவ்வளவு பரவினால் பொருள் நீர்த்துப்போகாமல் இருக்குமா? இன்று பொய் சொன்னால் கேஸ்லைட்டிங், வாக்குவாதத்தில் மறுத்துப் பேசினால் கேஸ்லைட்டிங், 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று ஒருவர் உண்மையிலேயே மறந்து சொன்னாலும் கேஸ்லைட்டிங். இது சரியில்லை. பொய்யன் உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஏமாற்றுகிறான். கேஸ்லைட் செய்கிறவன் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே தெரியாது என்று ஆக்குகிறான். அதுவும் ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை, திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

உண்மைச் சம்பவத் தொடர்களையே எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். 2022இல் வந்த 'தி டிண்டர் ஸ்விண்ட்லர்' ஆவணப்படத்தில் வருகிறவன் வைரவியாபாரி மகன் என்று சொல்லிப் பெண்களிடம் பணம் கறக்கிறான். அது மோசடி. அந்தப் பெண்கள் ஏமாந்தார்கள், ஆனால் தங்கள் கண்ணையே சந்தேகிக்கும் நிலைக்கு அவன் அவர்களைக் கொண்டுபோகவில்லை. 2018இல் வந்த 'டர்ட்டி ஜான்' தொடர் வேறு ரகம். தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குள் நுழைந்தவனின் பழைய வழக்குகள் தெரியவந்த பிறகும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லி, சந்தேகப்பட்டது அவள் தப்பு என்பதுபோல் ஆக்கி, மறுபடி சேர்ந்துகொள்கிறான். கேஸ்லைட்டிங் என்ற சொல் பொருந்துவது இந்த இடத்தில்.

நம்மூர்ப் பக்கம் எல்லோரும் பேசிய பாறசாலை வழக்கையும் இந்தப் பெயரில் சேர்ப்பவர்கள் உண்டு. 2022 அக்டோபரில் எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் காதலி வீட்டில் குடித்த கஷாயத்தில் களைக்கொல்லி கலந்திருந்து, கேரளத்தின் பாறசாலையைச் சேர்ந்த இளைஞர் சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். சம்பவம் தமிழ்நாட்டில் நடந்தது, வழக்கு கேரளத்தில். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் காதலிக்கு மரண தண்டனை விதித்தது, அது மேல்முறையீட்டுக்குப் போனது. கொடூரம்தான். ஆனால் அதற்கு வஞ்சகம் என்ற பழைய சொல்லே போதும். நம்பிக்கையைப் பயன்படுத்திக் கொல்வது வேறு, ஒருவர் தன்னையே நம்பாதபடி செய்வது வேறு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வாயுவிளக்கேற்றல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் அர்த்தமே இல்லை. கதை தெரியாதவருக்கு அது ஏதோ திருவிளக்கு பூஜை மாதிரி இருக்கும். மூளைச்சலவை என்று சிலர் எழுதுகிறார்கள். அது 1950இல் கொரியப் போர்க் காலத்தில் சீன வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு நம்மிடம் வந்த சொல். மூளைச்சலவையில் புதிதாக ஒரு கொள்கையை ஏற்றுவார்கள், அப்படிச் சலவை செய்யப்பட்டவர் முன்னைவிட உறுதியாகப் பேசுவார். கேஸ்லைட்டிங்கில் எதையும் ஏற்றுவதில்லை. இருக்கிற தெளிவைப் பிடுங்கிவிடுவார்கள், மாட்டியவர் எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுமாறுவார்.

எனக்கு முதலில் தோன்றியது பேய்க்கதையில் வரும் நீலி. கள்ளியங்காட்டு நீலி நம்ம ஊர்க்காரி, வில்லுப்பாட்டில் அவள் கதை இல்லாமல் இருக்காது. பழையனூர்க் கதையில், அவள் ஒருவனைத் துரத்திக்கொண்டு, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, 'இவர் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போறார்' என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். அவன் 'இவள் பேய், என் மனைவி இல்லை' என்று கத்துகிறான். அவன் சொல்வதுதான் உண்மை. வேளாளர் எழுபது பேரும் கண்ணீரை நம்பி, அவனை அவளோடு ஒரே அறையில் விடுகிறார்கள், அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். நீலிக் கண்ணீர் என்ற வழக்கு அங்கிருந்து வந்ததுதான். உண்மை சொல்பவனை ஊரே நம்பாமல் போவது வரைக்கும் இது கேஸ்லைட்டிங் கதையேதான். ஒரு குறை: அவனுக்குத் தன்மேல் சந்தேகம் வரவில்லை. சாகும்வரை அவள் பேய் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே 'நீலித்தனம்' ஒத்துவராது, விட்டுவிட்டேன்.

மிச்சமிருப்பது 'மருட்டு'. மருள் என்றால் மயக்கம், திரிபு, உள்ளதை உள்ளபடி அறியாத நிலை. இதற்கு எதிர்ச்சொல் தெருள், தெளிவு. ஒருவருக்குத் தெளிவு உண்டாக்குவது தெருட்டுதல், மயக்கம் உண்டாக்குவது மருட்டுதல். தன்வினையும் பிறவினையுமாக இப்படி அழகான ஜோடி அமைவது அபூர்வம். வள்ளுவர் மெய்யுணர்தல் அதிகாரத்தை இந்தச் சொல்லை வைத்துத்தான் தொடங்குகிறார்:

பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும்
மருளானாம் மாணாப் பிறப்பு.

இல்லாததை உண்மை என்று எடுத்துக்கொள்வது மருள். அந்த நிலைக்கு இன்னொருவரை வேண்டுமென்றே தள்ளுவதற்கு மருட்டு என்பதைவிடக் கச்சிதமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆட்சேபனைகள் இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை என்றால் வியப்பு. கோயில்களில் மருள் வந்து ஆடுவது சாமி வருவது. காதில் விழும்போது மருட்டு என்பது மிரட்டு போலவும் கேட்கிறது. அகராதியிலும் மயக்குதல், அச்சுறுத்துதல் இரண்டும் இதற்குப் பொருளாக உண்டு. கடைசி ஆட்சேபனை எனக்கு ஒரு வசதியாகவே படுகிறது, ஏனென்றால் இந்த மாதிரி வீடுகளில் மயக்கமும் பயமும் சேர்ந்தேதான் இருக்கும். 'நான் கேட்டதையே கேட்கலன்னு மருட்டாதே', 'பத்து வருஷம் அவளை மருட்டியே வைத்திருந்தான்' என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் இடறவில்லை.

பேச்சில் இதற்கு முன்பே சொல் உண்டு. 'என்னை லூசாக்குறான்' என்று எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள்! பாறசாலை தாண்டினால் 'என்னெ வட்டாக்கல்லே' என்பார்கள், வட்டு என்றால் கிறுக்கு. வீட்டுச் சண்டைக்கு இதுவே போதும். எழுத்துக்கும் செய்திக்கும் தொடரின் சப்டைட்டிலுக்கும்தான் மருட்டு.

சட்டத்தில் கேஸ்லைட்டிங் என்ற சொல்லும் இல்லை, மருட்டும் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், வாய்மொழியாலும் உணர்வு ரீதியாகவும் செய்யும் கொடுமையையும் வன்முறைக் கணக்கில் சேர்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையைப் பற்றியவை. அதில் உடல் நலத்தோடு மன நலத்துக்கு வரும் கடும் கேடும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே புகார் எழுதும்போது 'என்னைக் கேஸ்லைட் செய்தார்' என்ற ஒரு வரி உதவாது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, அவர் என்ன சொல்லி மறுத்தார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், மெசேஜ் எதுவும் கையில் இருக்கிறதா என்றுதான் எழுத வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே எண்தான்.