மூன்றாவது கியர்பொக்ஸ் வாங்குவதற்கு முன்

பழைய டீசல் ஜீப்பில் கியர்பொக்ஸ் ஒரு தடவை போனால் வயதாகிவிட்டது என்று விடலாம். மாற்றிப் போட்டதும் சில மாதத்தில் இரைந்தால், பழுது வேறெங்கோ இருக்கிறது. ஆனால் திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு வருகிறவர்கள் பாவித்த பெட்டியை விற்ற கடைக்காரரைத்தான் திட்டுகிறார்கள். அடுத்த பெட்டிக்குக் கடன் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒயிலைப் பாருங்கள். கியர்பொக்ஸ், அதன் இழுவையை முன் பின் சில்லுகளுக்குப் பிரித்துவிடும் ட்ரான்ஸ்பர் பெட்டி இரண்டையும் தனித்தனியே வடிக்க வேண்டும். பல வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே ஒரு சீல்தான் தடுப்பு. அது தேய்ந்தால் கியர்பொக்ஸ் ஒயில் மெல்ல ட்ரான்ஸ்பருக்குள் போய்விடும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. ஒன்று காய்ந்து, மற்றது அளவுக்கு மேல் நிரம்பியிருந்தால் குற்றவாளி அந்தச் சீல்தான்.

ஒயில் பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் படகு இழுக்கும் ஜீப்புகளில் இதை அடிக்கடி காண்கிறேன். ஓடிச் சூடான பெட்டி கடல்நீரில் இறங்கியதும் குளிர்கிறது. உள்ளே காற்றுச் சுருங்கி, பெட்டி மூச்சுவிடும் துளையான பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. உப்புநீர் பட்ட பெயாரிங் வெகுநாள் தாங்காது. பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறையின் மேற்பக்கம் கட்டிவிடுங்கள். செலவு மிகக் குறைவு, செய்கிறவர்கள்தான் இல்லை.

கையேட்டில் கியர் ஒயிலின் தரம் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது. கியர் விழும்போது கரகரக்கும்.

மணலில் போட்ட ஃபோர் வீலை எடுக்காமலே கந்தளாய் வரை தார் வீதியில் ஓடுவதும் உண்டு. முன் பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், வளைவில் முன் சில்லும் பின் சில்லும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். வழியில்லாததால் அந்த முறுக்கு முழுவதும் பற்சக்கரங்களில் ஏறுகிறது. முன்னும் பின்னும் வேறு அளவு ரயர் போட்டிருந்தால் நேர்வீதியிலும் அதே கதிதான்.

கழற்றும்போது பழைய பெயாரிங்குகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சின் பக்கத்து முன் பெயாரிங்தான் உடைகிறதா? அப்படியானால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங் நேராக உட்காரவில்லை என்றே முதலில் சந்தேகிப்பேன். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அதை நேராகப் பொருத்தும் டவல் பின் விடுபட்டிருக்கும், அல்லது எஞ்சின் முனையில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீல் நடுவிலுள்ள சின்னப் பெயாரிங் தேய்ந்திருக்கும். நுண்ணிய விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் பெட்டியை ஏற்ற விடாதீர்கள்.