சுட்ட தோட்டா உறைக்கு ஏன் இத்தனை கிராக்கி?

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “டல்சாவில் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சிக்கு அலுவலக நண்பர் கூட்டிப்போனார். துப்பாக்கி விற்கும் மேசைகளைவிட, காலித் தோட்டா உறைகளை வாளி வாளியாகக் கொட்டி வைத்திருந்த மேசைகளில்தான் அவர் அதிக நேரம் நின்றார். வெடித்து முடித்த உறையைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?”

வாங்குவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கூடும் அந்த டல்சா கண்காட்சியில் 4,000-க்கும் மேற்பட்ட மேசைகள் போடுகிறார்கள். அதில் ஒரு பகுதி, சொந்தமாகத் தோட்டா நிரப்பிக்கொள்பவர்களுக்கான சரக்கு. தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால்தான் தேவை. இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். அதனால் இதை வேடிக்கை பார்க்கும் விஷயமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பறந்து போகும் குண்டு, எரியும் மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளை உறை. முதல் மூன்றும் ஒரே தடவையில் தீர்ந்துவிடும். உறை மட்டும் மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். வியாபாரக் கணக்கு அவ்வளவே. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அந்த உறை ஏன் மிஞ்சுகிறது?

சுடும் கணத்தில் உறைக்கு நேர்வதைப் பாருங்கள். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் .223 ரகத் துப்பாக்கியில் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகலாம். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 3,700 மடங்கு. இது ஏறி இறங்குவதற்கு ஒன்றிரண்டு மில்லி விநாடிதான் ஆகிறது. அந்த நேரத்துக்குள் உறையின் மெல்லிய சுவர் வீங்கி, தன்னைச் சுற்றியுள்ள எஃகு அறையின் சுவரில் போய் அப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்துக்கு வரும். சரி, அப்பியாயிற்று. அடுத்த கணம் அது அறைச் சுவரை விட்டு விலகவும் வேண்டும். விலகாவிட்டால் உறையை வெளியே இழுக்க முடியாது.

ஒட்டவும் வேண்டும், விலகவும் வேண்டும் என்றால் எப்படி? அழுத்தத்தில் எஃகு அறையும் ஒரு துளி விரியும். அது மீள்தன்மை வரம்புக்குள்ளேயே விரிவதால் அழுத்தம் போனதும் பழைய அளவுக்கு வந்துவிடும். பித்தளை அந்த வரம்பைத் தாண்டி விரிகிறது. பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது, ஆனால் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: எந்தத் தகைவில் (ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசையில்) நிரந்தரமாக நெளியத் தொடங்குகிறதோ அதை, பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகத்தால் வகுக்க வேண்டும். நன்றாக இறுகிய பித்தளைக்கு இது ஏறக்குறைய 0.4 சதவீதம். 1 செ.மீ. விட்டமுள்ள உறை 0.04 மி.மீ. சுருங்குகிறது, தலைமயிரை விடவும் மெல்லிய இடைவெளி. உறை வெளியே வருவது இந்த இடைவெளியின் தயவில்தான். பித்தளையின் யங் குணகம் எஃகில் பாதி என்பதால், அதே வலிமையுள்ள எஃகு உறை இதில் பாதிதான் சுருங்கும்.

இனி உள்ளே போவோம். தோட்டாப் பித்தளையில் 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். ஓர் உலோகத்தில் வேறொன்றைக் கலந்தால் வலிமை கூடும், இழுபடும் தன்மை குறையும் என்பதுதான் பொதுவாகப் பார்ப்பது. பித்தளை அப்படி இல்லை. துத்தநாகம் 30 சதவீதம் வரை ஏற ஏற வலிமையும் கூடுகிறது, இழுபடும் தன்மையும் கூடுகிறது! முதலில் கேட்டால் நம்பத் தோன்றாது.

உலோகம் வளையும்போது அணுக்களின் அடுக்குகள் மொத்தமாகச் சரிவதில்லை. அடுக்கில் உள்ள கோணல்கள் நகர்கின்றன. டிஸ்லொகேஷன் எனப்படும் இந்தக் கோணல்களை 1934-ல் டெய்லர், ஓரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியாகக் கண்டு சொன்னார்கள். தாமிரத்தைப் போலவே அணுக்கள் அடுக்கப்பட்ட உலோகங்களில் இந்தக் கோணல் ஒன்றாகவே இருப்பதில்லை. இரண்டு பாதிகளாகப் பிரிந்து, நடுவே தவறாக அடுக்கிய ஒரு பட்டையை வைத்துக்கொண்டு நகரும். ஏணியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே தடை வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடலாம், ஏணி குட்டையாக இருந்தால். தூய தாமிரத்தில் ஏணி, அதாவது அந்த நடுப்பட்டை, குட்டை. துத்தநாகம் சேரச் சேர, தவறாக அடுக்குவதற்கு ஆகும் ஆற்றல் குறைந்து ஏணி நீளமாகிறது. நீளமான ஏணியோடு சந்தில் திரும்ப முடியுமா? இருவரும் நெருங்கி வந்து சேர்ந்தால்தான் உண்டு. அதற்கு ஆற்றல் செலவாகும். அதனால் தெருவிலேயே ஒருவர் பின் ஒருவராக முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆக, பித்தளையில் எந்த இடம் கொஞ்சம் நெளிந்தாலும் அந்த இடம் உடனே இறுகிவிடுகிறது. இறுகியதும் நெளியும் வேலை பக்கத்து இடத்துக்குப் போகிறது. ஒரே இடம் மெலிந்து கிழிவதற்குப் பதில் முழுத்தகடும் பங்கு போட்டுக்கொண்டு நீள்கிறது. வட்டத் தகட்டிலிருந்து ஆழமான குழாய் போன்ற உறையை இழுத்து எடுக்க முடிவது இதனால்தான். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சின்ன சந்தோஷம் வரும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ச்சி ஆறவிட்ட உலோகத்தில் சதுர செ.மீ.க்குச் சில பத்து லட்சம் கோணல்கள் இருக்கும். அடித்து நெளித்த உலோகத்தில் அது பத்தாயிரம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை விரிகிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்குகிறார்கள். நெரிசல் ஏறிக்கொண்டே போய், குண்டைப் பிடிக்கும் கழுத்துப் பகுதி ஒரு நாள் நீளவாக்கில் கீறிவிடும். அப்படி ஆவதற்குள் கழுத்தை மட்டும் சூடாக்கினால் உலோகத்தின் படிகங்கள் புதிதாக வளர்ந்து நெரிசல் கலைகிறது. அடிப்பகுதியைச் சூடாக்கவே கூடாது. இறுக்கம்தான் அதன் பலம். எத்தனை சுடலுக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டும் என்று கேட்டால் மேசைக்கு மேசை ஒரு சாஸ்திரம் சொல்வார்கள். அளந்து பார்த்தவர்கள் அதில் குறைவு. ஜாதகம் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பித்தளை உறையின் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. யாரும் சுடவில்லை, தொடவும் இல்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து தாமிரத்தைக் கரைக்கிறது. இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன தகைவு அந்த அரிப்பை விரிசலாகத் திறந்துவிடுகிறது. மூர், பெக்கின்சேல் என்ற பிரிட்டன் உலோகவியலாளர்கள் 1921-ல் இதை விளக்கினார்கள். தீர்வும் எளிது: மிதமாகச் சூடாக்கி உள்தகைவைப் போக்கிவிட்டால் போதும். தண்ணீர்க் குழாய் பொருத்துகள் விரிசல் விடாமல் இருப்பதற்கும் இந்த அறிவு உதவுகிறது. தோட்டா விரிசல் விட்டபோது கிடைக்கும் ஆராய்ச்சிப் பணம், குழாய் விரிசல் விட்டபோது கிடைத்திருக்குமா என்று யோசித்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் அரிப்பு ஆய்வு என்றாலே உதவித்தொகைக்கு அலைய வேண்டியிருக்கிறதே!

அப்புறம், வாசகரின் நண்பர் அத்தனை நேரம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? முதலில் கழுத்தில் கீறல். அடுத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றி ஓடும் பளிச்சென்ற வளையம். உள்சுவர் மெலிந்து உறை இரண்டாக அறுந்துபோகப் போகிறது என்பதற்கு அது அடையாளம். சிலர் காந்தமும் கொண்டுவருவார்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது, வாளியில் கலந்திருக்கும் எஃகு உறையை இழுத்துவிடும். கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆலையில் காய்ச்சிய தடம் அது. ராணுவத் தோட்டாவில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், கடைச் சரக்கில் பெரும்பாலும் மெருகேற்றி மறைத்துவிடுவார்கள். அடியில் ‘எல்சி’ முத்திரை இருந்தால் மிசௌரியின் லேக் சிட்டி ராணுவ ஆலையில் செய்தது. பக்கத்திலுள்ள இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. கடைசியாக, டார்ச் அடித்து உறைக்குள் அடியில் எத்தனை துளை என்று பார்ப்பார்கள். நடுவில் ஒரே துளை என்றால், பிரிட்டனின் எட்வர்டு பாக்சர் வகுத்த முறை. ஊசி விட்டுத் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். இரண்டு சிறு துளைகள் என்றால் அமெரிக்கரான ஹைரம் பெர்டன் வகுத்த முறை. பிரைமரைக் கழற்றுவது பெரும்பாடு. பாக்சர் முறை அமெரிக்காவிலும் பெர்டன் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது. பெர்டனின் சொந்த நாட்டிலேயே இரண்டு துளை உறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் குறைவு.