மூடினாலும் மூடாத கேட் வால்வு

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில், மொட்டை மாடி டேங்க்குக்கு அடியில் வட்டக் கைப்பிடி போட்ட பித்தளை கேட் வால்வு இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். குளியலறைக் குழாய் உடைந்த அன்றுதான் அதைத் தேடி ஓடுவோம். கைப்பிடி திரும்பும், தண்ணீர் நிற்காது.

ஸ்பிண்டில் என்ற மரை போட்ட தண்டைத் திருகத் திருக ஆப்பு வடிவத் தகடு ஒன்று ஏறி இறங்குவதுதான் கேட் வால்வு. திறந்திருக்கும்போது அந்தத் தகடு மேலே உள்ள குழிக்குள் போய்விடும். அங்கே தண்ணீர் ஓடாது, தேங்கியே கிடக்கும். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், வெயிலில் சூடேறி கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறியதும் சுண்ணாம்பாகப் படிந்து ஸ்பிண்டிலின் மரையைக் கவ்விக்கொள்ளும். தகடு உட்காரும் பள்ளத்தில் மணல் சேரும். பித்தளையும் நாளாக நாளாகத் துத்தநாகத்தை இழக்கிறது. மிஞ்சும் செம்புக்கு வலு இல்லை. அந்த நிலையில் ரெஞ்ச் போட்டு முறுக்கினால் ஸ்பிண்டில் தகட்டைவிட்டுக் கழன்றுவிடும். கைப்பிடி முடிவில்லாமல் சுற்றினால் அதுதான் நடந்திருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் மட்டும் கசிந்தால் மாற்ற வேண்டியதில்லை. அங்கே ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

புதிதாகப் போடுவது, துளையிட்ட உருண்டை சுழன்று திறந்து மூடும் பால் வால்வாக (ball valve) இருக்கட்டும், அதிலும் துளை பைப்பின் அளவுக்கே இருக்கும் ஃபுல் போர். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். மேல்மாடிக் குளியலறைக்கு 3 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் கிடைப்பது 0.3 கிலோதான். துளை சின்னதான வால்வு அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும், ஷவரில் உடனே தெரியும்.

டேங்க் கழுவும் நாளிலேயே இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார், கீசர் இரண்டின் ஸ்விட்சையும் அணையுங்கள். தண்ணீர் இறங்கியதும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் தானாக மோட்டாரை ஓட்டிவிடும். பலர் மறப்பது இதைத்தான்.

இரும்பு பைப் என்றால் இரண்டு ரெஞ்ச் வேண்டும். ஒன்றால் பைப்பை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் வால்வைத் திருப்புங்கள். ஒற்றை ரெஞ்சால் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த மரை முறியும்; பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். பக்கத்தில் யூனியன் (பைப்பை அறுக்காமல் கழற்றிப் பூட்ட உதவும் இணைப்பு) இல்லையென்றால் பைப்பை அறுத்துத்தான் ஆக வேண்டும், கையோடு ஒரு யூனியன் போட்டுவிடுங்கள். மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, பைப்பின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் 10 சுற்றாவது வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் வால்வு ஏறும்போதே டேப் உரிந்து வரும்.

சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில் மரை இணைப்பை முதலில் முடித்துவிட்டு, அதன்பிறகே சொல்யூஷன் என்ற பைப் பசையால் ஒட்டுங்கள். ஒட்டியதைத் திருப்ப முடியாது. இரும்பு மரையை வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் இறுக்கவே கூடாது, சில மாதத்தில் விரியும். பித்தளை மரை பதித்த அடாப்டர் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

சொல்யூஷன் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயவிட்டு, கீழே ஒரு குழாயைத் திறந்து வைத்து, வால்வை மெல்லத் திறந்தால் காற்று வெளியேறிவிடும். பால் வால்வைப் பாதி திறந்த நிலையில் விடாதீர்கள், உள்ளே இருக்கும் டெஃப்லான் வளையம் ஒரு பக்கம் தேய்ந்துபோகும். மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் சுண்ணாம்பு உருண்டையைக் கவ்வாது.