எஃகும் கண்ணாடியும் பாரம்பரியம்தான்

பாரம்பரியக் கட்டடம் என்றாலே தேக்குத் தூணும் சுண்ணாம்புச் சுவரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். 1950களில் எழுந்த வீட்டைக் காட்டினால், "இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கும் ஸ்டால் (Stahl) வீட்டைப் பற்றிச் சொல்வேன்.

ஸ்டால் தம்பதி 1954-இல் 13,500 டாலருக்கு வாங்கிய மனை, செங்குத்தான சரிவில் இருந்தது. இடித்துப் போட்ட கான்கிரீட் துண்டுகளைக் கணவர் பொறுக்கி வந்து தாங்குசுவர் எழுப்பினார். பியர் கோனிக் வடிவமைத்த வீடு 1960-இல் முடிந்தது. 4 அங்குல எஃகுத் தூண், 12 அங்குல எஃகு பீம், தூணுக்குத் தூண் 20 அடி. நகரத்தைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடி. ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த இரவுப் படம் அதை உலகறியச் செய்தது. 1999-இல் நகரம் அதைத் தன் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அறிவித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அந்த நகரச் சட்டப்படி, சின்னமான கட்டடத்தை இடிப்பதை 180 நாள் தள்ளிப்போடலாம். இன்னும் 180 நாள் நீட்டிக்கலாம். அதற்கு மேல் உரிமையாளர் மனம் வைத்தால்தான் உண்டு. ஒப்பந்தம் போட்டுப் பராமரிப்பவருக்குச் சொத்து வரியைக் குறைக்கும் கலிபோர்னியாவின் 1972 சட்டத்தை அதனால்தான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்த வகை வீடுகளின் அழகு மெலிவில் இருக்கிறது. ஒல்லியான ஜன்னல் சட்டத்தைப் பிடுங்கிவிட்டுத் தடித்த அலுமினியத்தை மாட்டினால், வீடு நின்றாலும் வடிவமைப்பு போய்விடும். இடிப்பதைவிட இதுதான் அதிகம் நடக்கிறது. யாரும் தடுப்பதுமில்லை.

தட்டைக் கூரையில் வாட்டம் சரியில்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். ஓரம் வழியாகக் கசிந்து பீமில் இறங்கும். அதைவிட மோசம், தூண் தளத்தைத் தொடும் இடம். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் எஃகு செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். அங்கே கான்கிரீட்டில் முடி அளவு விரிசல் தெரிந்தால், துரு பருத்துத் தள்ளுகிறதா என்று சந்தேகப்படுங்கள். அடியைச் சுரண்டி, எஃகு எவ்வளவு மிச்சம் என்று அளந்த பிறகே பெயின்ட் டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்.