கையால் செய்த பரிசு யார் வீட்டுக்குப் போகிறது?

கொண்டாட்டக் காலம் நெருங்கிவிட்டால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தையின் கையைப் பார்த்தாலே வீட்டில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். நகத்தடியில் ஜிகினாத் தூள் இருக்கும். விரல் நுனியில் காய்ந்த பசை தோல் தோலாக உரியும். தூக்கிக்கொண்டு ஓடிவந்த அம்மாவின் முழங்கையில், அவருக்கே தெரியாமல், வண்ணக் காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும்.

நான் குழந்தை நல மருத்துவர். கைவேலை எனக்கும் பிடிக்கும். வாழ்த்து அட்டை, துணிப் பொம்மை, காகித நட்சத்திரம் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது செய்து கொடுக்கிறேன். கடையில் வாங்கும் பரிசில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: நம்முடைய நான்கைந்து சாயங்காலங்கள். அதனால் யாரையும் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நிறையச் செய்யுங்கள். செய்ய உட்காரும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது போய்ச் சேரும் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஏன் இந்தக் கேள்வி என்று சொல்கிறேன். தரநிலைக்கு உட்பட்டுக் கடைக்கு வரும் பொம்மையை யாரோ ஒருவர் இழுத்துப் பார்த்திருப்பார், கீழே போட்டுப் பார்த்திருப்பார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது என்றால் அட்டையில் அந்தக் குறி இருக்கும். நம் மேசையில் உருவாகும் பரிசுக்கு இப்படி எந்தச் சோதனையும் இல்லை. அதைச் செய்யும்போது நம் கண்முன் இருப்பது நம் வீடும் பத்து வயதான நம் பிள்ளையும்தான். அது போகும் வீட்டில், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் பதினைந்து மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாக இருமல். எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, கெட்டியாக எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறது. பல் முளைக்கிறது போல என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் மேல்பகுதியில் வட்டமாக ஒன்று தெரிந்தது. நாணயமாக இருந்தால் ஓரம் ஒற்றைக் கோடாக இருக்கும். இதில் வளையத்துக்குள் இன்னொரு வளையம் இருந்தது. பட்டன் பேட்டரி. அந்த மாதிரிப் பேட்டரியில் ஓடும் பொருள் எதுவும் வீட்டில் இல்லவே இல்லை என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். அப்புறம் அப்பாவுக்குத்தான் நினைவு வந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கையால் செய்து அனுப்பிய வாழ்த்து அட்டை. திறந்தால் உள்ளே குட்டி விளக்கு எரியும்.

அந்த அட்டையைச் செய்வது சுலபம், அழகாகவும் இருக்கும். செம்பு நாடாவைக் காகிதத்தில் ஒட்டி, ஒரு எல்.இ.டி. வைத்து, 2032 என்று எண் போட்ட பேட்டரியை ஓரத்தில் மடித்து செல்லோ டேப்பால் மூடிவிடுவார்கள். பேட்டரியின் குறுக்களவு 20 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 3 வோல்ட். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு அது. பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் கசிவதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். ஈரமான சதைச் சுவர் இரண்டு முனைகளையும் தொட்டவுடன் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைப் பக்கம் கடுமையான காரம் (ஆல்கலி) உருவாகி, சதையைக் கரைத்துக்கொண்டே போகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஆகிவிடலாம். பேட்டரியை எடுத்த பிறகும் அந்தப் புண் நாள்கணக்கில் உள்ளே இறங்கி, பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாயைத் தொட்டுவிடுவது உண்டு. “அது தீர்ந்துபோன பேட்டரிதானே டாக்டர்?” என்று கேட்பார்கள். விளக்கை எரிக்க முடியாத பேட்டரியில்கூட சதையைப் பொசுக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் புண் ஆறிய இடத்தில் உணவுக்குழாய் சுருங்கிப்போய், அதை விரித்துவிட ஒரு வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்தது. அட்டை செய்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கைவேலையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் பேட்டரியைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போதும், நிச்சயமாகத் தெரிய வேண்டியதில்லை, உடனே கிளம்புங்கள். எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வயது முடிந்த குழந்தையாக இருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால், போகும் வழியில் 10 மி.லி. தேன் கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு தடவை. சுவரைப் பூசிக்கொண்டு புண்ணின் வேகத்தை அது குறைக்கிறது. தேன் தேடுவதற்காகப் பயணம் தாமதமாகக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது. மூக்கிலோ காதிலோ பேட்டரியைப் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதையும் ஊற்றாமல் கூட்டி வாருங்கள்.

அமெரிக்காவில் 2022 இல் வந்த ஒரு சட்டம், பட்டன் பேட்டரி உள்ள வீட்டுப் பொருட்களில் பேட்டரி அறையைக் குழந்தை எளிதில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவின் கட்டாயத் தரநிலையும் அதே வருடம் அமலுக்கு வந்தது. காகித மடிப்புக்கும் செல்லோ டேப்புக்கும் அந்தப் பலம் கிடையாது.

சரி, வெளிச்சம் வேண்டும் என்றால் என்ன செய்வது? நான் செய்வது இது. கெட்டி அட்டையில் ஒரு வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கம் டிரேசிங் காகிதத்தை ஒட்டிவிடுகிறேன். வண்ணம் வேண்டுமானால் மெல்லிய வண்ணக் காகிதத்தை இரண்டு அடுக்காக வைக்கலாம். ஒரு அடுக்கு இருக்கும் இடம் வெளிறியும் இரண்டு சேரும் இடம் அடர்ந்தும் தெரியும். ஜன்னலில் சாய்த்து வைத்தால் பகல் முழுக்க ஒளிரும். பேட்டரி விளக்கு வேண்டியே தீரும் என்றால், திருகாணி போட்டு மூடும் பெட்டியும் பென்சில் பேட்டரியும் இருக்கும் சரத்தை வாங்கிக் கோத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து க்ளூ கன், அதாவது பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கித் தள்ளும் துப்பாக்கி. வெப்பம் குறைந்த வகையில்கூடப் பசை ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸில் வெளியே வருகிறது. மற்றதில் 190 டிகிரியை நெருங்கும். கொதிக்கும் தண்ணீர் மேலே பட்டால் வழிந்து ஓடிவிடும். இந்தப் பசை ஓடாது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரு சொட்டு சுட்ட இடம்கூட ஆழமாக இருக்கிறது. பெரும்பாலான காயம் விரல் நுனியில் வருகிறது. துணியையோ மெல்லிய காகிதத்தையோ பின்னாலிருந்து அழுத்தும்போது பசை ஊடுருவி வந்துவிடுகிறது. மரக் குச்சியால் அழுத்துங்கள். தொங்கும் வயரைப் பிடித்துக் குழந்தை இழுக்காதபடி, துப்பாக்கியை மேசையின் நடுவில் வையுங்கள்.

சுட்டுவிட்டால் முதல் வேலை குழாய்த் தண்ணீர். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எடுத்துவிடுகிறார்கள், அது போதாது. ஒட்டிய பசையைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

க்ளூ கன்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒட்டியது நிலைக்காது. வெயிலில் வைத்தால் இளகும், குளிரில் விறைத்துப் பெயரும். இன்று அழகாக ஒட்டிய பொம்மைக் கண் சில மாதம் கழித்து இன்னொரு வீட்டின் தரையில் கிடக்கும். சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பொம்மையில் நான் கண்ணை ஒட்டுவதும் இல்லை, பொத்தானாகத் தைப்பதும் இல்லை. நூலாலேயே எம்பிராய்டரி போட்டுவிடுகிறேன். அளவுக்கும் ஒரு வழி இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்கும் உருளையின் வாய் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் அடங்கிவிடும் எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் டாய்லெட் காகிதச் சுருளின் நடுக்குழாய் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அது சோதனை உருளையைவிடக் கொஞ்சம் அகலம், அதுவும் நல்லதுதான். ஐரோப்பியத் தரநிலையில் பொம்மையின் உறுப்புகளை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள், ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிடுவது போல. வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை. பெரியவர் ஒருவர் மனசு இரங்காமல் இழுத்துப் பார்த்தால் போதும். என் பொம்மைகளில் இரண்டு அப்படிக் காது பிய்ந்து, மறுபடி தைக்கப்பட்டவை.

சூப்பர் க்ளூ பருத்தித் துணியோடும் கம்பளியோடும் சேரும்போது சட்டென்று சூடாகும் என்பது பலருக்குத் தெரியாது. சட்டைக் கையில் சிந்தினால் அடியில் இருக்கும் தோல் வெந்துபோகும். சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள், துணியை உடம்பிலிருந்து உடனே விலக்குங்கள். கண்ணில் பட்டு இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாமல், தண்ணீரால் அலசிக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள். அந்தக் குட்டிக் குப்பியைக் கண் சொட்டு மருந்து என்று நினைத்து ஊற்றிக்கொள்வதும் நடக்கிறது. மருந்து இருக்கும் அலமாரியில் அது இருக்கவே கூடாது.

ரெசினில் பூவைப் பதித்துச் சாவிக்கொத்து செய்பவர்கள் நைட்ரில் கையுறை போடுங்கள். சாதாரண ரப்பர் கையுறையை ரெசின் ஊடுருவும். இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், அது ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

உப்பும் மாவும் பிசைந்து செய்யும் தொங்கல்களை ரசாயனம் இல்லாதவை என்று நம்பிக் கொடுக்கிறோம். அதில் வழக்கமாக மாவில் பாதி அளவுக்கு உப்பு இருக்கும். ஒரு வயதுக் குழந்தையோ வீட்டு நாயோ அதைக் கடித்துத் தின்றால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகலாம். உயரத்தில் மாட்டச் சொல்லிக் கொடுங்கள்.

விதை கோப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குன்றிமணியை விட்டுவிடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அத்தனை அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதையை விழுங்கினால் கெட்டி ஓடு அதை அடைத்து வைத்திருக்கும். கோக்கத் துளை போடும்போது அந்த ஓட்டைத்தான் உடைக்கிறோம். பிரிட்டனில் 2011 இல் இந்த விதை கோத்த கைச்சரங்களைத் திரும்பப் பெற்றார்கள். பழைய உலோகப் பதக்கங்களிலும் கவனம் வேண்டும். 2006 இல் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இதய வடிவக் குட்டிப் பதக்கத்தை விழுங்கி இறந்துபோனான். சோதித்தபோது அதில் 99 சதவீதம் ஈயம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உலோகத்தைக் குழந்தைக்கான பரிசில் நான் கோப்பதில்லை.

பாசிமணி, ரிப்பன், கயிறு எதையும் கைக்குழந்தையின் கழுத்தில் போட வேண்டாம். பல் முளைக்கும் குழந்தைக்கென்று விற்கும் மணிமாலைகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018 இல் எச்சரித்தது. தொட்டில் பக்கம் தொங்கவிடும் எதிலும் கயிறு ஒரு சாணுக்குள் இருக்கட்டும், குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி எழத் தொடங்கியதும் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் பெறுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். பரிசோடு ஒரு சீட்டு வைத்துவிடுங்கள். என்ன பொருளில் செய்தது, எந்த வயதுக்கு, எங்கே வைக்க வேண்டும், மூன்றே வரி. போன முறை ஒன்பது மாதக் குழந்தைக்கு ஃபெல்ட் துணியில் ஒரு யானை செய்தேன். அதோடு வைத்த சீட்டில் இப்படி எழுதினேன்: “கண்கள் தையல்தான், பொத்தான் இல்லை. உள்ளே பஞ்சு மட்டும், துவைக்கலாம். தும்பிக்கையை வாயில் வைத்தால் வைக்கட்டும், தையல் விட்டிருந்தால் மட்டும் எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், வந்து தைத்துத் தருகிறேன்.”