ரீசெட் பண்ணா கிராபிக்ஸ் கார்டு எங்க போகுது?

தம்பியோட பழைய பிசில பயாஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற மதர்போர்டு புரோகிராம்) செட்டிங் எதையோ மாத்தி பூட் ஆகாம போச்சு, சரின்னு மதர்போர்டுல இருக்குற வட்ட பேட்டரிய கழட்டி ரீசெட் பண்ணோம், திரும்ப ஆன் பண்ணா ஃபேன் எல்லாம் சுத்துது ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. கார்டு செத்துருச்சுன்னு அவன் அழாத குறை.

கார்டு சாகல. கம்ப்யூட்டருக்கு கார்டு ஞாபகம்லாம் கிடையாது, ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் புதுசா தேடித்தான் கண்டுபிடிக்குது. கரண்ட் நிலையானதும் மதர்போர்டு ஒரு ரீசெட் சிக்னல கொஞ்ச நேரம் புடிச்சு வச்சிருந்து விடும், உடனே கார்டு சொருகுற ஸ்லாட்டும் கார்டும் எத்தன லேன் (டேட்டா போற பாதை), என்ன ஸ்பீடுன்னு தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக்கும், எவ்ளோ புது கார்டா இருந்தாலும் மொதல்ல ஜென் 1, அதாவது மொத தலைமுறை வேகத்துல ஆரம்பிச்சுதான் மேல ஏறும்.

அப்புறம் பயாஸ் ஒவ்வொரு இடமா போய் "யாருப்பா நீ"ன்னு கேக்கும். பதிலா கம்பெனி நம்பர் வரும், என்விடியா கார்டுன்னா 10டிஇ, ஏஎம்டின்னா 1002, யாருமே இல்லன்னா எல்லா பிட்டும் 1ஆ வரும். அடுத்து நடக்குறதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. கார்டுக்கு எவ்ளோ அட்ரஸ் எடம் வேணும்னு கேக்க தனியா ஒரு கேள்வியே கிடையாது, அதோட அட்ரஸ் ரெஜிஸ்டர்ல (அட்ரஸ குறிச்சு வைக்கிற எடம்) எல்லா பிட்லயும் 1 எழுதிட்டு திருப்பி படிக்கும். கார்டு கீழ்ப்பக்கம் சில பிட்ட மாறவே விடாது. கடைசி 4 பிட் வேற தகவலுக்கு, அத ஒதுக்கிட்டு பாத்தா கீழ 28 பிட் 0வாவே நின்னுச்சுன்னா 2ன் 28ம் அடுக்கு, அதாவது 256 எம்பி வேணும்னு அர்த்தம். எவ்ளோ அழகான யோசன பாருங்க!

எடம் குடுத்ததும் கார்டுக்குள்ளயே இருக்குற சின்ன புரோகிராம் ஓடி படம் காட்டும், விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி நாம பாக்குற லோகோ இதால வர்றதுதான்.

விண்டோஸ ரீசெட் பண்ணா இதெல்லாம் ஒழுங்கா நடக்கும், டிரைவர் மட்டும் போயிருக்கும், டிவைஸ் மேனேஜர்ல மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு காட்டும். அதோட ஹார்டுவேர் ஐடில 10டிஇ மாதிரி நம்பர் தெரிஞ்சா ஸ்லாட்டு, கரண்ட் கனெக்டர்லாம் கழட்டி பாக்க வேணாம், டிரைவர் போட்டா போதும். நம்பரே இல்லன்னாதான் கார்ட கழட்டி நல்லா அழுத்தி மாட்டணும், பவர் கேபிளையும் பாக்கணும், ஏன்னா ஸ்லாட்டு குடுக்குறது 75 வாட்தான், பெரிய கார்டுக்கு அது பத்தாது.

பயாஸ் ரீசெட்டுன்னா கதை வேற, நீங்க மாத்தி வச்ச செட்டிங்லாம் பழையபடி ஆயிடும். ஜென் 3 ரைசர் கேபிள் (கார்ட ஸ்லாட்டுலேர்ந்து தள்ளி வைக்க போடுற நீட்டிப்பு கேபிள்) போட்டவங்க ஸ்பீட ஜென் 3ன்னு வச்சிருப்பீங்க, அது ஆட்டோவுக்கு போய் ஜென் 4ல பேச பாத்து லிங்க் தடுமாறும். தம்பி பிசில போனது சிஎஸ்எம், அதாவது பழைய பயாஸ் முறைக்கு எழுதின புரோகிராம ஓட விடுற செட்டிங். அவன் கார்டு ரொம்ப பழசு, உள்ள இருக்குற புரோகிராம் பழைய பயாஸ் முறைக்கு எழுதினது, சிஎஸ்எம் ஆஃப் ஆனதும் அத ஓட்ட ஆளில்ல. மானிட்டர் கேபிள கார்டுலேர்ந்து உருவி மதர்போர்டு போர்ட்ல சொருகினோம், பயாஸ் தெரிஞ்சுது, சிஎஸ்எம் ஆன் பண்ணி சேவ் பண்ணி கேபிள திரும்ப கார்டுல மாட்டினோம், லோகோ வந்துருச்சு.