பெல்ற் கத்தினால் சவர்க்காரம் பூசாதீர்கள்

"தம்பி, பெல்ற்றை மட்டும் மாத்திவிடும். நாளைக்கு விடியக் கொழும்புக்குப் போகோணும்."

போன மார்கழியில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பழைய கொரோலாவை எங்கள் கராச் வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னது இது. காலையில் ஸ்ராட் பண்ணினால் எஞ்சின் பெல்ற் தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சென்று கத்துகிறதாம். வேறோர் இடத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு பெல்ற் மாற்றியாயிற்று. இடையில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்திருக்கிறார். யாரோ சொன்னதைக் கேட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயும் அடித்திருக்கிறார்.

பெல்ற்றைக் கழற்றி, அது ஓடும் கப்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றினேன். டைனமோ சத்தமில்லாமல் சுழன்றது. ஏசியும் சரி. வோட்டர் பம் கப்பியைத் திருப்பியபோது விரல் நுனியில் மணல் அரைபடுவது போலக் கரகரப்பு. பிடித்து ஆட்டினால் மெல்ல ஆடியது. ரோச் அடித்துப் பார்த்தேன். பம்மின் அடியில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற் கசிந்து, காய்ந்து, இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தது.

"மாஸ்ரர், பிழை பெல்ற்றில இல்லை. இதோட வெளிக்கிட்டால் ஆனையிறவு தாண்டி எங்கேயாவது வெயிலுக்க நிப்பியள்" என்றேன். ஒருநாள் பிந்திப் போகச் சம்மதித்தார்.

பம் பெயறிங் தேய்ந்தால் கப்பி ஆடும். கப்பி ஆடினால் பெல்ற் நேராக ஓடாது, கத்தும். அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டு 400 கிலோமீற்றர் ஓடினால் என்ன நடக்கும்? அநேகமான கார்களில் பற்றரிக்குச் சார்ஜ் போவதும், எஞ்சினுக்குள் கூலன்ற் சுற்றுவதும், ஏசி வேலை செய்வதும் இந்த ஒரு பெல்ற்றால்தான். அது அறுந்தால் முதலில் பற்றரி விளக்கு எரியும், அப்புறம் வெப்பமுள் ஏறும். அந்த நேரத்தில் "அடுத்த சந்தி மட்டும் போவம்" என்று ஓடினால் எஞ்சின் தலையே வளைந்துவிடலாம்.

சவர்க்காரம் கொஞ்ச நேரம் சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். எண்ணெய்த்தன்மையுள்ள ஸ்பிரே அதைவிட மோசம். றப்பரை ஊறவைத்து வழுக்கச் செய்யும், கப்பியிலும் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் புதுப் பெல்ற் போட்டால் அதுவும் கத்தத் தொடங்கும்.

பூச வேண்டுமென்றால் வெறும் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அது மருந்தல்ல, சோதனை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கையையும் சாரம், துப்பட்டா நுனியையும் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்பிரே போத்தலால் பெல்ற்றின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் அடியுங்கள். சத்தம் நின்று சில நொடியில் திரும்பி வந்தால், ஏதோ ஒரு கப்பி நேராக இல்லை. அடித்த உடனே சத்தம் கூடினால், பெல்ற் தொய்ந்து வழுக்குகிறது. கராச்சுக்குப் போகும்போது இந்த முடிவைச் சொல்லுங்கள், பாதி வேலை மிச்சம். மழைக்காலக் காலையில் ஈரத்தால் ஒரு நொடி கத்திவிட்டு நிற்கிற சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு நாளும் நீண்டுகொண்டே போனால்தான் பார்க்க வேண்டும்.

தொய்ந்திருக்கிறது என்றவுடன் ஸ்பனரைப் போட்டு முறுக்கு முறுக்கென்று இறுக்குகிற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறது. எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். சத்தம் அன்றைக்கே நின்றுவிடும், உரிமையாளரும் சந்தோசமாகப் போவார். ஆனால் அந்த இழுவை முழுவதும் டைனமோ, வோட்டர் பம் பெயறிங்குகளில் விழுந்து அவற்றைத் தின்றுவிடும். கையால் இறுக்கும் வகையென்றால், கப்பிகளுக்கிடையே நீளமான பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். சரியான அளவு அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். தானாக இறுக்கும் ரென்சனர் உள்ள கார்களில் பெல்ற்றோடு அதன் ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் வீடுகளில் நிற்கிற பல கார்களில் ரென்சனரும் பம்மும் வயதானவை. ஹைபிரிட் காரான பிரியஸின் மூன்றாம் தலைமுறையில் இந்தப் பெல்ற்றே இல்லை. ஆனால் எல்லா ஹைபிரிட்டும் அப்படி என்று நினைக்க வேண்டாம். வகன் ஆர் ஹைபிரிட், சிக்னலில் அணைந்த எஞ்சினைத் திரும்ப ஸ்ராட் பண்ணுவதே பெல்ற்றால்தான். அதற்குரிய பெல்ற்றையே கேட்டு வாங்குங்கள்.

பெல்ற்றில் வெடிப்பு இருந்தால்தான் பழுது என்பது பழைய கணக்கு. ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பரில் செய்த இப்போதைய பெல்ற்றுகள் பெரும்பாலும் வெடிக்காமல், ரயர் மாதிரித் தேய்ந்துபோகும். வரிகளின் பள்ளம் அகலமாகியிருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாஸ்ரரின் டிக்கியில் முதலில் கழற்றிய பெல்ற் கிடந்தது. வெளிச்சத்தில் வளைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.